வாய்க்குள் ஒளித்த நூல்: 'காஞ்சிவரம்' திரைப்படத்தில் இடுக்கணும் கையாறும்

ஆய்வுச்சுருக்கம்

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' திரைப்படம் வறுமையின் அவலத்தைக் காட்டும் படைப்பாகவே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. நெசவாளன் வேங்கடத்தின் நெருக்கடி வறுமையிலிருந்து நேரே எழுவதன்று. பலர் முன் அவன் சொன்ன சொல்லிலிருந்து எழுவது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அந்நெருக்கடியை அவன் எதிர்கொள்ளும் முறைகள் ஒன்றையொன்று அழிப்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு விளக்குகிறது. காஞ்சிபுரத்து நெசவின் இயல்பான கூட்டுத்தன்மையைப் படம் நீக்கிவிட்டதையும், அந்நீக்கம் உளவியல் வாசிப்புகளைத் திசைமாற்றுவதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், பட்டு நெசவு, மெய்ப்பாடு, இடுக்கண், கையாறு, மன நெருக்கடி, திரைத்திறனாய்வு

சொல்லில் தொடங்கும் சிக்கல்

தமிழில் உளவியல் நோக்கில் எழுதப்படும் ஆய்வுகளில் 'மன அழுத்தம்' என்னும் தொடர் இரு வேறு நிலைகளைச் சுட்டி வருகிறது. புறத்திலிருந்து வரும் நெருக்கடிக்கு உடலும் உள்ளமும் ஆற்றும் எதிர்வினை ஒன்று. நெடுநாள் நீடித்து மருத்துவம் வேண்டி நிற்கும் சோர்வுநோய் மற்றொன்று. இரண்டையும் ஒரே தொடரால் குறிப்பதால், ஒரு கதைமாந்தர் நெருக்கடியில் இருக்கிறார் என்று தொடங்கும் கட்டுரை, அவர் நோயாளி என்று முடிந்துவிடுகிறது. இடையில் எந்த வாதமும் நிகழ்ந்திருப்பதில்லை. சொல் வழுக்கியிருக்கிறது, அவ்வளவே.

மேலை உளவியலில் இத்துறையின் வரலாறு நன்கறியப்பட்டது. 1936 இல் ஹான்ஸ் செலியே உடலின் பொதுவான எதிர்வினையைப் பற்றி எழுதினார். 1984 இல் ரிச்சர்டு லாசரசும் சூசன் ஃபோக்மனும் நெருக்கடியை நிகழ்ச்சியில் காணாமல், அந்நிகழ்ச்சியை மனிதர் மதிப்பிடும் முறையில் கண்டனர். இது எனக்கு எவ்வளவு முக்கியம், இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்னும் இரு மதிப்பீடுகளுக்கு இடையில் அது பிறக்கிறது என்றனர். சமாளிக்கும் வழிகளைச் சிக்கலை மாற்ற முனைவன, உணர்ச்சியை ஆற்ற முனைவன என இருவகைப்படுத்தினர். நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் இப்பகுப்பை எடுத்துக்கொண்டு, கதைமாந்தரின் செயல்களை இரு பெட்டிகளில் இட்டு நிரப்புவதோடு அமைதியடைகின்றன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறியபின், உடைமை தொடங்கி நடுக்கு ஈறாக முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை அடுக்குகிறது. அவ்வடுக்கில் நலிதல், சூழ்ச்சி, அரற்று, ஆராய்ச்சி, உயிர்ப்பு, கையாறு, இடுக்கண், வியர்த்தல், நடுக்கு என்பன உள்ளன. நெருக்கடியின் உடற்குறிகளும், அதிலிருந்து மீளச் செய்யும் எண்ணமும், எண்ணம் தோற்ற நிலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இடுக்கண் வேறு, கையாறு வேறு என்பது இங்குக் கருதத்தக்கது. இடுக்கண் உற்றவருக்குச் செயல் எஞ்சியிருக்கிறது. திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என அதிகாரம் வகுத்ததும் அதனாலேயே. கையாறு செயல் அற்ற நிலை. தலைவனை இழந்தோர் பாடும் புறத்துறைக்குக் 'கையறுநிலை' எனப் பெயர் அமைந்தது இப்பொருளில்தான். மேலும், மெய்ப்பாடு என்பதற்குக் காண்போர் ஒருவர் வேண்டும். உள்ளத்தே நிகழ்வது மெய்யில் தோன்றி மற்றவர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. லாசரசின் மனிதர் தனித்திருந்தும் நெருக்கடியை மதிப்பிடலாம். மெய்ப்பாட்டியலின் மனிதர் எப்போதும் யாரோ ஒருவரின் கண்ணில் இருக்கிறார். காஞ்சிவரம் படத்தை வாசிக்க இவ்வேறுபாடு பெரிதும் உதவுகிறது.

பலர் முன் சொன்ன சொல்

2008 இல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2009 மார்ச்சில் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்த இப்படம், 2007 ஆம் ஆண்டிற்கான 55 ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படத்திற்கான விருதைப் பெற்றது. வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். மலையாளத்திலும் இந்தியிலும் நகைச்சுவைப் படங்களால் அறியப்பட்ட இயக்குநர் இப்படியொரு கதையை எடுத்தது அன்று வியப்பாகப் பேசப்பட்டது. அவ்வியப்பே விமரிசனத்தின் இடத்தைப் பெருமளவு நிரப்பிவிட்டது என்பது என் கருத்து.

1948 இல் சிறையிலிருந்து இரு நாள் விடுப்பில் காவலருடன் ஊர் திரும்பும் வேங்கடத்தின் நினைவுகளாகக் கதை விரிகிறது. பட்டு உடுத்திய பெண்ணையே மணப்பேன் என்றிருந்தவன், அவ்வாறு இயலாமல் அன்னத்தை மணந்து வருகிறான். மகள் தாமரை பிறந்தபின் நிகழும் சடங்கில், அவள் திருமணத்திற்குப் பட்டுச்சேலை தருவேன் என்று உற்றார் முன்னிலையில் வாக்களிக்கிறான். சேர்த்த பணம் தங்கையின் வாழ்வைக் காக்க அவள் கணவனுக்குப் போய்ச் சேர்கிறது. அதன்பின், வேலைசெய்யும் இடத்திலிருந்து பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து, இரவில் மறைவாக நெய்யத் தொடங்குகிறான்.

இதை வறுமையின் கதை என்பது எளிது. ஊரில் வறுமை அனைவர்க்கும் பொதுவானது; பட்டை நெய்வோர் பட்டு உடுப்பதில்லை என்பது அங்கு எவரையும் வியப்பில் ஆழ்த்தும் செய்தியன்று. மற்றவர்களுக்கு அது நலிவு மட்டுமே. வேங்கடத்திற்கு மட்டும் அது நெருக்கடியாகிறது. அவன் வாக்களித்துவிட்டான் என்பதே காரணம். மெய்ப்பாட்டியல் பெருமிதத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் கொடையும் ஒன்று. கொடுக்க இயலாதவன் கொடை உரைத்த கணத்தில் அவன் பெறும் பெருமிதம் கடனாக வாங்கிய பெருமிதம். அவையோரின் திகைப்பும் அன்னத்தின் வருத்தமும் அக்கடன் பதிவான இடங்கள். அதன்பின் அவன் அஞ்சுவது பசிக்கு அன்று, இளிவரலுக்கே.

உண்மை, வாய்மை, மெய்மை என்னும் மூன்று சொற்களையும் முறையே உள்ளம், வாய், மெய் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தும் விளக்கம் நம் மரபில் வழங்கி வருகிறது. படத்தில் வாய் பெறும் இடத்தை இவ்விளக்கத்தின் ஒளியில் காணலாம். வாக்கைச் சொன்னது வாய். அவ்வாக்கைக் காக்கக் களவை ஏற்றதும் அதே வாய். வெளியேறும்போது நெசவாளர்களின் உடல் சோதிக்கப்படுகிறது. மெய் முழுவதும் பிறர் கைக்கு உட்பட்டிருக்க, வாய் ஒன்றே எஞ்சிய தனியிடம். அவ்விடத்தில் நூல் இருக்கும்வரை அவன் பேச முடியாது. வாய்மையைக் காக்க வாய்பேசாதவன் ஆகவேண்டியிருக்கிறது. பிரகாஷ்ராஜின் நடிப்பில் இக்காட்சிகளே மிகச் சிறந்தவை என்பேன். முகத்தில் எதுவும் தோன்றாதபடி காப்பதே அங்கு நடிப்பாகிறது. மெய்ப்பாட்டை மறைத்தல் என்னும் மெய்ப்பாடு அது. ஒவ்வொரு நாளும் அவன் கொண்டுவருவது சில இழைகள். சேலை முடிய ஆண்டுகள் வேண்டும். நெருக்கடியை எதிர்கொள்ள அவன் கண்ட வழி, அந்நெருக்கடியை ஒவ்வொரு மாலையும் வாயிலில் புதிதாக உண்டாக்குகிறது.

வேலைநிறுத்தத்தை முடித்தவன்

படத்தின் மையம் இறுதிக்காட்சியில் இல்லை, வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. பொதுவுடைமைக் கருத்துடைய ஒருவரின் வருகையால் வேங்கடம் விழிப்படைகிறான். கூலிக்காகவும் உரிமைக்காகவும் நெசவாளர்களைத் திரட்டுகிறான். முதலாளி இணங்காததால் வேலை நிற்கிறது. வேலை நின்றால் நூலும் நிற்கும். மகளின் திருமணமோ நெருங்கிவிட்டது. நண்பனின் மகனே மணமகன். வேறு வழியின்றி, தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே முடித்துவைத்து, தோழர்களை வேலைக்குத் திரும்பச் செய்கிறான். திரும்பியபின் களவில் பிடிபடுகிறான்.

இவ்விடத்தில் லாசரசின் இருவகைப் பகுப்பு நமக்கு உதவாமல் போகிறது. களவும் சிக்கலை மாற்றும் செயல். வேலைநிறுத்தமும் சிக்கலை மாற்றும் செயல். பகுப்பில் இரண்டும் ஒரே பெட்டியில் விழும். கதையிலோ ஒன்று மற்றொன்றைக் கொல்கிறது. தொல்காப்பியம் 'சூழ்ச்சி' என்னும் சொல்லை வழங்கும்போது அதற்கு எண்ணிப்பார்த்தல் என்பதே பொருள். வஞ்சகம் என்னும் இழிபொருள் பிற்காலத்தது. வேங்கடத்திடம் அச்சொல்லின் இரு பொருளும் ஒரே நாளில் நிகழ்கின்றன. பகலில் தோழரோடு கூடி எண்ணுகிறான். இரவில் தனித்து எண்ணுகிறான். பகற்சூழ்ச்சிக்குக் காண்போர் வேண்டும். இரவுச் சூழ்ச்சிக்குக் காண்போர் இருத்தலாகாது.

இதனை இரண்டகம் என்று பெயரிட்டு நகர்வோர் உண்டு. அவ்வாறு கூறுவது அறநிலையில் சரியாயினும் திறனாய்வாகாது. அவன் தோழர்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று படம் நம்மைக் கேட்கவைக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் மகளிர் உண்டு, அரைகுறை ஆசைகள் உண்டு. ஆனால் சொல்வதற்கு அவன் முதலில் வாக்குத் தவறியதை ஒப்பவேண்டும்; அடுத்துக் களவை ஒப்பவேண்டும். பெருமிதம் இளிவரலாக மாறும் அப்புள்ளியைக் கடக்க அவனால் இயலவில்லை. கூலிக்குறைவைப் பலர் முன் பேச அவனுக்கு மொழி கிடைத்துவிட்டது. தந்தை என்னும் நிலையில் தோற்றதைப் பேச மொழி கிடைக்கவில்லை. தொழிற்சங்கம் அவனுக்கு அளித்த சொற்களுள் அதற்கான சொல் இல்லை என்பதைப் படம் எவ்வித உரையாடலும் இன்றி உணர்த்துகிறது. நான் அறிந்தவரை, போராட்டத்தைப் பற்றிய தமிழ்ப் படங்களுள் இவ்வளவு நுட்பமாக அதன் எல்லையைத் தொட்டது வேறில்லை.

படம் நீக்கியவை

இவ்வளவு கூறியபின், படத்தின் மீதான என் முதன்மையான மறுப்பையும் கூறவேண்டும். வேங்கடம் தனியன் என்பதை நாம் நம்பவேண்டுமாயின், காஞ்சிபுரத்து நெசவில் தனிமை என்பது எவ்வளவு அரிது என்பதை மறக்கவேண்டும். படமும் அதை மறக்கச் செய்கிறது.

காஞ்சிபுரத்தில் தறி பெரும்பாலும் வீட்டில் இருக்கும். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடே தறிக்கேற்பக் கட்டப்பட்டது. குழித்தறிக்காகத் தரை தோண்டப்பட்டிருக்கும். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டுப் பிணைவது குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்யும் வேலை. நூல் சுற்றுவதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மறுபுறக் கரையின் நாடாவை வாங்கித் தள்ள நெய்பவருக்கு அருகில் இன்னொருவர் அமரவேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் சிறுவர்கள் அமர்த்தப்பட்டார்கள் என்பதும் இவ்வூர் வரலாற்றின் ஒரு பகுதிதான். காஞ்சிபுரத்திற்குப் புகழ் தந்த சேலையை இரவில் ஒருவன் மட்டும் மறைவாக நெய்து முடித்தல் எளிதன்று. இயக்குநர் தொழில்நுட்பப் பிழை செய்தார் என்று சுட்டுவது என் நோக்கமன்று. கரையின்றியும் எளிய கரையோடும் சேலை நெய்யலாம். தனித்தறி என்னும் படிமத்திற்காக இரண்டாமவர் அமரும் இடம் காலியாக்கப்பட்டது என்பதே சுட்டவேண்டியது.

பொதுக்கூடத்தில் நெய்து, வாயிலில் உடற்சோதனைக்கு உட்படுவது ஆலையின் ஒழுங்குமுறை. வீட்டுத்தறியில் கண்காணிப்பு வேறுவகைப்பட்டது. நூலும் ஜரிகையும் எடைபோட்டுத் தரப்படும். சேலை எடைபோட்டு வாங்கப்படும். அங்கு உடலைத் தடவிப் பார்ப்பவர் எவருமில்லை. தராசு இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. மகளின் திருமணச் செலவுக்கு நெசவாளர் நாடும் வழியும் பெரும்பாலும் களவன்று. முதலாளியிடம் பெறும் முன்பணம். அது தீரும்வரை அவர் வேறு முதலாளியிடம் செல்ல இயலாது. அன்றைய நெருக்கடியைத் தீர்த்த தொகையே ஆண்டுக்கணக்கில் கட்டும் கயிறாகும். வாய்க்குள் ஒளித்த நூலைவிட இது காட்சிக்குக் கடினமானது. இதில் மூச்சடக்கும் கணங்கள் இல்லை. ஆயினும் காஞ்சிபுரத்து நெசவாளரின் இடுக்கண் எவ்வாறு நீடித்தது என்பதை இதுவே மிகுதியும் விளக்கும். கதையை நகர்த்தும் விசையாகக் களவைத் தேர்ந்ததன் வழியே, படம் ஒரு கடன் உறவைக் குற்றமாக மாற்றிக்கொண்டது. கடனுக்கு இருவர் பொறுப்பு. குற்றத்திற்கு ஒருவரே பொறுப்பாகிறார்.

காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்து 1982 இல் நூல் வெளியிட்ட இவான் ஆர்ட்டர்பர்ன், அதன் தலைப்பிலேயே தறியை ஒருவரையொருவர் சார்ந்திருத்தலோடு இணைத்தார். அத்தலைப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. படத்தின் காலத்திலேயே சென்னை மாகாணத்தில் கைத்தறி நெசவாளர்க்கான கூட்டுறவு முயற்சி தொடங்கிவிட்டது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் அமைப்பு 1935 இல் தோன்றியது. அம்முயற்சிகள் முழு வெற்றி பெற்றன என்று கூறவரவில்லை. நெருக்கடியை எதிர்கொள்ளும் வழிகள் தனியாளின் மனத்திற்குள் மட்டும் தேடப்படவில்லை என்பதே செய்தி.

ஒப்பிடுவதற்குத் தமிழிலேயே ஒரு நாவல் உண்டு. 1953 இல் வெளிவந்த தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' தென்பாண்டிச் சீமையின் கைத்தறி நெசவாளர்களைப் பற்றியது. பருத்தி நெசவு, வேறு வட்டாரம், வேறு சந்தை. அதிலும் ஒருவர் நெருக்கடி தாளாது அழிகிறார். கைலாச முதலியாரின் தற்கொலை நாவலின் மிகக் கனத்த நிகழ்ச்சி. ஆனால் கதை அங்கு முடிவதில்லை. ஒருவரின் கையாறு மற்றவர்களுக்கு ஆராய்ச்சியாகிறது. துயரம் தெருவுக்கு வருகிறது. நாவலின் பிற்பகுதியில் முழக்கம் மிகுந்து பாத்திரங்கள் மெலிவதை மறுக்கமுடியாது. வேங்கடத்தின் அகம் போன்ற ஆழம் அதில் எவர்க்கும் இல்லை. எனினும் பிறர் முன் வெளிப்பட்ட துன்பத்திற்கு மட்டுமே விடை கேட்கும் உரிமை உண்டு என்பதை ரகுநாதன் அறிந்திருந்தார். அதே 1953 இல், காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை தம் இயக்கத்தாரோடு கைத்தறித் துணிகளைச் சுமந்து தெருவில் விற்றார். நெசவாளர்க்குக் கஞ்சித்தொட்டி திறப்பது பின்னரும் தமிழக அரசியலில் நிகழ்ந்தது. அதில் அரசியல் ஆதாயம் கலந்திருந்தது உண்மையே. ஆயினும் பசி மறைக்கப்படவில்லை. அது மெய்ப்பாடாக நின்றது.

இன்று காஞ்சிபுரத்து இளைஞர்கள் பலர் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். 'நெசவாளர்களின் மன அழுத்தம்' எனத் தலைப்பிட்டு வினாநிரல் கொடுத்து மதிப்பெண் இடும் ஆய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில், கேள்விகள் எவரை நோக்கி அமைகின்றன என்று கேட்கவேண்டியுள்ளது. உறக்கம் உண்டா, எரிச்சல் உண்டா, எப்படி ஆற்றிக்கொள்கிறீர்கள் என்று நெசவாளரிடம் கேட்கிறோம். முன்பணம் எவ்வளவு, யாரிடம், எத்தனை ஆண்டாக என்பதை அதே தாளில் கேட்பது அரிது. திரைப்படம் வேங்கடத்தைத் தனியனாக்கியது கலைத்தேவையால். ஆய்வாளர் அதையே செய்ய அத்தகைய தேவை எதுவும் இல்லை.

போதாத துணி

அன்னம் கதையின் நடுவிலேயே மறைகிறாள். அவள் நெருக்கடியை எவ்வாறு எதிர்கொண்டாள் என்பது முழுமையாக ஆராயப்படவில்லை. கணவனின் வாக்கால் கட்டுண்டவள், ஆனால் வாக்களிக்காதவள். தாமரையோ அவ்வாக்கின் பொருளாகவே வளர்கிறாள். அவள் பட்டைக் கேட்டவள் அல்லள். வேங்கடம் சிறையில் இருக்கையில் கிணற்றில் விழுந்து உடல் செயலிழக்கிறாள், திருமணம் நின்றுபோகிறது. இரு நாள் விடுப்பில் வந்தவன், அவளைப் பேண உறவினர் எவரும் முன்வராத நிலையில், உணவில் நஞ்சிட்டு ஊட்டுகிறான். சோறூட்டும் கையும் மகளின் வாயும் மீண்டும் சட்டகத்திற்குள் வருகின்றன. பின் தறியில் முடியாது கிடந்த துணியை அறுத்தெடுத்து உடலை மூடுகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது.

இக்காட்சியைக் கருணைக்கொலை என்று சிலரும், மனப்பிறழ்வு என்று சிலரும் கொள்வர். இரண்டும் தாமரையை மறந்த விளக்கங்கள். அவளிடம் எதுவும் கேட்கப்படவில்லை. கையறுநிலைப் பாடல்களில் இறந்தவரைப் பற்றிப் பாட எஞ்சியோர் இருப்பர். புலம்பலுக்குக் கேட்போர் இருப்பர். இங்கு எஞ்சியவனே கொன்றவன், அவன் பாடவில்லை. துணியை மட்டும் மேலும் கீழுமாக இழுக்கிறான். வாக்களித்த நாளில் அவையில் இருந்த உற்றாருள் எவரும் அப்போது சட்டகத்தை நிறைப்பதில்லை. மணமகளுக்கெனத் தொடங்கிய நெசவு பிணத்திற்கும் போதவில்லை என்பதை அவன் ஒருவனே அளந்து காண்கிறான். அவனோடு, இருட்டில் அமர்ந்திருக்கும் நாம்.